குறுக்கே வைத்த குழாய்

சேலை கட்டிய பெண் சைக்கிளில் ஏற இரண்டு வழிகள் உண்டு. வெறும் சைக்கிள் என்றால் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தெத்தித் தெத்தித் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் வலது காலை நடு இடைவெளி வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய்விடலாம். பின்னால் சுமை இருந்தால் இது நடக்காது. தெத்தும்போதே வண்டி சாய்ந்துவிடும். சுமை வண்டியில் முதலில் உள்ளே போய் நிற்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் வண்டி இருக்க, கொசுவத்தை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வலது பெடலை மேலே கொண்டுவந்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். வண்டி நகர்ந்த பிறகுதான் சீட்டில் உட்கார வேண்டும்.

கருவாடு விற்ற வருஷங்களில் நான் இப்படித்தான் ஏறினேன். ஆண்களைப் போலக் காலைப் பின்பக்கமாக வீசிப் போட்டு ஏற என்னால் முடியாது. சேலை ஒரு காரணம். கேரியரில் என் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருந்த கூடை இன்னொரு காரணம். நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் மட்டும்தான் எனக்கு ஆகும்.

நானும் அக்காவும் ஒன்றாகத்தான் சைக்கிள் பழகினோம். எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது, அவளுக்கு அதற்கும் முன்பே. கடைத்தெரு வாடகைக் கடையில் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு அதை எடுத்து வந்து வயலுக்குள்ளேயே ஓட்டுவோம். விழுந்தால் அறுத்த தாள் குத்தும், அவ்வளவுதான். அக்கா ஒரு தடவை வரப்பில் மோதி ஹேண்டிலில் தாவாக்கட்டையை இடித்துக்கொண்டாள். அந்தத் தழும்பு அவளுக்கு நின்றுவிட்டது. நான் ஓட்டும்போது அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவாள். “விடுக்கா, விட்டாதான பழக முடியும்” என்று கத்துவேன். விடமாட்டாள். “விழுந்துருவடி” என்பாள். அவள் அம்மை போட்டுப் படுத்த நாட்களில்தான் நான் தனியாக ஓட்டப் பழகினேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தங்காது. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினேன். அங்கிருந்து வந்து கல்யாணம் செய்துகொண்டேன். கட்டியவர் மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்விட்டார். பிறகு முத்துப்பேட்டையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். அந்த வீட்டு ஆண்கள் எல்லாம் சவுதியில் இருந்தார்கள். மகளையும் மலேசியாவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. அரக்கு நிறம். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை போட்டிருந்தது. நான் தினமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பெருக்குவதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மா ஒரு நாள் சொன்னார்:

“எடுத்துட்டுப் போ புள்ள. இங்க கெடந்து துருப்புடிச்சுச் சாகுறதுக்கு உங்கிட்ட ஓடட்டும்.”

அதை வைத்துத்தான் கருவாட்டு வியாபாரம் ஆரம்பித்தேன். பனிக்காலத்தில் கோடியக்கரையில் படகுகள் கூடும். சரக்கு வேனில் முத்துப்பேட்டை மொத்தக் கடைக்கு வரும். உள்ளே மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் கருவாட்டுக்கு நாக்கு ஏங்கும். நடுவில் இருக்கிற சிக்கல் பஸ்தான். “கூடை ஏறுச்சுன்னா ஆளெல்லாம் எறங்கிடும்மா” என்று எந்தக் கண்டக்டரும் ஏற்றமாட்டார். தலையில் சுமந்து நடக்கிற பெண்கள் இரண்டு மூன்று ஊரோடு திரும்பிவிடுவார்கள். நான் சைக்கிளில் அவர்கள் போகாத ஊர்களுக்குப் போனேன்.

கூவத் தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து காற்று வருகிற பக்கம் நின்றால் போதும், வாசனைக்கே பெண்கள் தட்டோடு வந்துவிடுவார்கள். அக்ரகாரம் இருக்கிற ஊரில் மணி அடிக்காமல் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போவேன். அறுப்புக் காலத்தில் காசு வாங்கமாட்டேன், கருவாட்டுக்கு நெல்தான். அதனால் போகும்போது இருந்த பாரத்தைவிடத் திரும்பும்போது பாரம் கூடும். மதகுக் கட்டையில் ஒரு காலை ஊன்றி இளைப்பாறி, மறுபடி உள்ளே நின்று அமுக்கி ஏறுவேன். யாரிடமும் கைகட்டி நிற்காமல் நான் சாப்பிட்ட வருஷங்கள் அவைதான்.

அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சமயத்தில்தான் மேட்டூர் திறக்காமல் போனது. குறுவை இல்லை. சம்பாவும் கதிர் வரும்போது கருகியது. அடுத்த வருஷமும் அப்படியே. நெல் இல்லாத ஊரில் கருவாட்டை யாரிடம் மாற்றுவது? நான் போகிற தெருக்களில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூர், சிங்கப்பூர், குவைத்து என்று ஆள் ஆளுக்கு ஒரு ஊர் சொல்லிப் போய்விட்டார்கள். நானும் ஒரு ஏஜெண்டைப் பிடித்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் புறப்பட்டேன். சின்ன வயதுப் பெண்களை வீட்டுவேலைக்கு அனுப்பமாட்டார்கள் என்பதால் பாஸ்போர்ட்டில் என் வயதைக் கூட்டிப் போட்டார்கள். என்னைப் பார்த்தால் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று ஏஜெண்டு சொன்னார்.

கிளம்புவதற்கு முன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, அக்கா வீட்டுக் கொட்டகையில் உரச்சாக்கைப் போர்த்தி நிறுத்தினேன்.

“வித்துராதக்கா. தண்ணி வந்துச்சுன்னா நான் திரும்பி வந்துருவேன்.”

“நான் ஏன்டி விக்கிறேன்?”

“மாமா வேணும்னா ஓட்டட்டும். ஆனா விக்கக் கூடாது.”

“மாதா மேல சத்தியமா விக்கமாட்டேன். போதுமா?” கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குவைத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய வீடு, நிறையப் பிள்ளைகள், ஓயாத துணி. அடிக்கவில்லை. சோறு போட்டார்கள். வாசலுக்கு வெளியே தனியாக விடமாட்டார்கள். நடந்து போய் ஒரு தெருவைத் திரும்பிப் பார்த்ததில்லை. சம்பளம் முழுவதும் அக்கா பெயருக்குப் போனது. மாமா அடுத்து வந்த வருஷங்களில் விதைத்தது, கூரை மாற்றியது, பிள்ளைகள் கான்வென்டில் சேர்ந்தது எல்லாம் அதில்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அனுப்பத்தானே போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் கூப்பிடுவேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள், “ஆத்துல தண்ணி கரை பொரளுதுடி” என்றாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டு, காண்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுகிறேன், இனிமேல் போகமாட்டேன் என்று சொன்னேன்.

“அங்க என்னடி கொறைச்சல் உனக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா. கோடியக்கரை சீசன் வருதுல்ல. சைக்கிளத் தொடச்சு வையி.”

லைன் போய்விட்டது என்று நினைத்து, “அக்கா, அக்கா” என்றேன். “கேக்குது. வா” என்றாள்.

வந்து இறங்கிய அன்று பெட்டியைப் பிரித்து சோப்பு, தைலம், போர்வை எல்லாவற்றையும் பங்கு போட்டேன். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கொட்டகைக்குப் போனேன். அதே உரச்சாக்கு. உருவினேன்.

ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற கழுத்துக் குழாயிலிருந்து சீட்டுக் குழாய்வரை நேராக ஓர் இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் அடித்திருந்தது. சைக்கிள் அரக்கு, குழாய் கறுப்பு. நான் உள்ளே நிற்கிற இடம் அடைபட்டிருந்தது.

“இது என்னக்கா?”

அக்கா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். “ஒங்க மாமாவுக்கு வெக்கமா இருக்குதாம்டி. பொம்பள சைக்கிள்ல போறியானு டீக்கடையில கேலி பண்றானுங்களாம். அதான் பார் வச்சுட்டாரு.”

“நான் எப்புடி ஏறுறது?”

“நீ இனிமே எதுக்கு ஏறணும்? குவைத்து பாத்தவ, கருவாட்டத் தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போவியா? ஊருல என்ன பேசுவாங்க?”

எனக்கு மாமாவின்மேல் கோபம் வந்தது. ஆனாலும் அவர் ஓட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவள் நான்தானே. கேலிக்குப் பயப்படாத ஆம்பிளை யார் இருக்கிறார்கள் என்று மனதை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஏறித்தான் பார்ப்போமே என்று. கேரியரில் சுமை ஒன்றும் இல்லை. மதகுக் கட்டைமேல் ஏறி நின்று, சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டி, காலைத் தூக்கிக் குழாய்க்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓட்டம் மறக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. சிரிப்புக்கூட வந்தது. இறங்க வேண்டிய இடத்தில்தான் மதகு இல்லை. காலை ஊன்றப் பார்த்தேன், எட்டவில்லை. குழாய் தொடையில் இடித்தது. வண்டியோடு சரிந்து வாய்க்கால் சேற்றில் விழுந்தேன்.

அக்கரை வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏ குவைத்து! ஏரோப்ளேன்ல எறங்கத் தெரிஞ்சவளுக்கு சைக்கிள்ல எறங்கத் தெரியலையா?”

“சேத்துல நெத்திலி கெடக்குதான்னு பாக்குறாடி.”

“சுடிதார் மாட்டிக்கடி, சரியாப் போயிரும்.”

“சுடிதார் மாட்டுவேன். பின்னாடி கூடைய உன் தலையிலயா வைக்கிறது?” என்றேன். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சேற்றைக் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அக்கா கரைமேல் குடத்தோடு நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தங்கச்சி விழுந்தாளே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் குழாயை இரண்டு பக்கமும் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிட்டால் என்ன? மாமா போகும்போது மாட்டிக்கொள்ளட்டும். நான் போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பட்டறைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கழட்டி மாட்டுற பாரா? இது என்ன கதவுத் தாழ்ப்பாளா? ஏம்மா, வச்சு ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என்ன?”

“ஒரு மாசமா? எங்க மாமா ரொம்ப நாளா இதுல போறாரே.”

“போகட்டும். பார் இல்லாமப் போயிருப்பாரு. நான் வச்சது இப்பத்தான்.”

“அவருக்குத்தான் கேலி பண்றாங்கன்னு வெக்கம்.”

“எந்த அவரு? ஆம்பள யாரும் வரலையே. ஒரு அம்மா தனியாத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. நான்கூடச் சொன்னேன், நல்ல வண்டியக் கெடுக்காதீங்கம்மான்னு. கேக்கல. தங்கச்சி ஊருலேருந்து வருது, அது வர்றதுக்குள்ள வச்சுக் குடுத்துருங்கன்னு நின்னு வாங்கிட்டுப் போச்சு.” அவர் தன் தாவாக்கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “இங்க ஒரு தழும்பு இருக்கும்.”

பட்டறை வாசலில் ஒரு டயர் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

“போல்ட் வேண்டாங்க. அறுத்துடுங்க” என்றேன்.

“அடியோட எடுத்தா உங்க குழாயில ஓட்டை விழுந்துரும்மா. வருஷக்கணக்கா ஓடி மெலிஞ்ச குழாய். ரெண்டு பக்கமும் கட்டைவிரல் அளவு முண்டு நிக்கும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்தார். அறுந்த குழாய் தரையில் விழுந்து உருண்டது. முண்டுகளை ராவி, பழைய டியூப்பை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். அங்கேயே உள்ளே நின்று ஏறினேன். பட்டறையில் இருந்த ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்காக வாங்கிய மீன். மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சைக்கிளைப் பார்த்தாள். அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஏன்க்கா?” என்றேன்.

“என்ன ஏன்?”

“மாமா மேல பழி போட்டியே.”

உள்ளேயிருந்து மாமா, “நான் இதுல சேரல புள்ள. எனக்கு என்ன வெக்கம்? சந்தைக்கே அதுலதான் போனேன்” என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“ஆமாடி, நான்தான் வச்சேன். வேற என்ன பண்ணச் சொல்ற?” செதில் ஒட்டிய கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள். “நீ இங்க இருந்துட்டா ரெண்டு புள்ளைங்களுக்கு யாரு? இவரு வயல நம்புறதா, ஆத்த நம்புறதா? இந்த வருஷம் தண்ணி வந்துச்சு, அடுத்த வருஷம்? ஏறிப்போக வண்டி இருந்தா நீ அதே பொழப்புதான்னு நிப்ப. ஏற முடியலைன்னா திரும்பப் போயிருவ. உன்னைய எனக்குத் தெரியாதா? நீ ஓரிடத்துல நிக்கிறவளா?”

“மாதா மேல சத்தியம் பண்ணினியே.”

“விக்கமாட்டேன்னுதான பண்ணினேன். வித்தேனா? ஒனக்குப் பத்திரமா வச்சிருக்கேனா இல்லியா?”

அவள் பொய் சத்தியம் செய்யவில்லைதான். கொட்டகையில் சாக்குப் போர்த்தி, சக்கரத்தில் காற்று வைத்து, நான் ஏற முடியாத ஒன்றாக்கி, பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

“ஏஜெண்டுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பொங்கல் கழிச்சு விசா வந்துரும்னாரு” என்றாள், குரலைத் தாழ்த்தி, நல்ல சேதி சொல்வதுபோல.

நான் சண்டை போடவில்லை. விற்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கஷ்டம், விற்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். உள்ளே நின்று ஏறுவது எப்படி என்று என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டவள் அவள். எந்த இடத்தில் குழாய் வைத்தால் எனக்கு வழி இல்லை என்று அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

குவைத்துப் பெட்டியில் என் துணிகளை மட்டும் போட்டுக் கேரியரில் கட்டினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. அக்கா எழுந்து வந்தாள்.

“எங்கடி போற? சாப்புட்டுட்டாவது போ.”

உள்ளே நின்று கொசுவத்தைச் செருகினேன். பெடலை அமுக்கினேன். வண்டி நகரவில்லை. திரும்பினால் அக்கா இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்திருந்தாள்.

“விடுக்கா.”

“விழுந்துருவடி. பெட்டி சாயுது பாரு.”

“விடு.”

மறுபடி அமுக்கினேன். இந்தத் தடவை நகர்ந்தது. அவள் பிடியை விடாமல் கூடவே ஓடி வந்தாள். மீன் கவுச்சி என் பின்னாலேயே வந்தது. தெரு தாண்டி வாய்க்கால் கரை ஏறும்வரை அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மதகுக்குப் பக்கத்தில் வண்டி திடீரென்று லேசானது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துப்பேட்டையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு அந்த சீசன் முழுவதும் கருவாடு விற்றேன். அதற்குப் பிறகும் சில வருஷம். அக்கா ஊர்ப்பக்கம் மட்டும் போகமாட்டேன். முண்டில் சுற்றிய டியூப் வெயிலில் வெடித்துப்போகும், மறுபடி சுற்றுவேன். அப்படியும் சீட்டுப் பக்கத்து முண்டு ஏறும்போதெல்லாம் சேலையைப் பிடித்து இழுக்கும். என்னிடம் இருந்த சேலை அத்தனையிலும் முழங்காலுக்கு மேலே ஒரே இடத்தில் கிழிசல் இருந்தது.

அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் ஒரு ஓரமாகப் போய் நின்றேன். பூசை முடிந்து அக்கா நேராக என்னிடம் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. குனிந்து என் சேலையில் அந்தக் கிழிசல் இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

“வீட்டுக்கு வா. தைச்சுத் தர்றேன்” என்றாள்.

“தைச்சாலும் அதே எடத்துலதான் கிழியும்” என்றேன். சைக்கிள் கோயில் மதிலோரம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிப் போனேன்.